ஏற ஆட்டோமேட்டிக், இறங்க மேனுவல்

மஹிந்திரா தார் ஜீப் வாங்கப் போகிறேன், மேனுவல் கியர் எடுக்கலாமா ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். "மலைக்கும் காட்டுக்கும் மேனுவல்தானே அண்ணே சரி?" என்பார்கள். நான் தலையை ஆட்டினால் போதும். மீதிப் பேர் உண்மையாகவே குழம்பியவர்கள். வீட்டில் மனைவியும் ஓட்ட வேண்டும், டவுன் டிராஃபிக்கில் இடது கால் கடுக்கிறது, ஆனால் சரிவில் மாட்டிக்கொண்டால் ஆட்டோமேட்டிக் கைவிட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. இரு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான்: ஏறுவதற்கு ஆட்டோமேட்டிக், இறங்குவதற்கு மேனுவல். ஒரே வண்டியில் இரண்டும் கிடைக்காது. கையில் எது இருக்கிறதோ, அது எங்கே சறுக்கும் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இரண்டிலும் நிறையக் காலம் உட்கார்ந்திருக்கிறேன். நான் போடிக்காரன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் ஜீப்புகளில்தான் கிளட்ச் மிதிக்கப் பழகினேன். கமாண்டர், மேஜர் என்று அந்தக் காலத்து மஹிந்திரா வண்டிகள். பவர் ஸ்டியரிங் கிடையாது, கியர் லீவர் முழங்கையில் வந்து இடிக்கும். அப்புறம் வேலை ஷார்ஜாவில். விடுமுறை நாளில் பாலைவனத்தில் வண்டி ஓட்டும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்தேன். அங்கே அநேகமாக எல்லோரிடமும் ஆட்டோமேட்டிக். இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வைத்திருப்பது ஆட்டோமேட்டிக் தார். வாங்கிய புதிதில் எங்கள் தெரு ஜீப் ஓட்டுநர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

முதலில் அடிப்படை. மேனுவலில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது தட்டோடு தட்டு ஒட்டும் பிடிப்பு. கிளட்சிலிருந்து கால் எடுத்துவிட்டால் அந்தப் பிடிப்பு முழுமையானது. மிதித்தால் அடியோடு அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில், நான் சொல்வது தார் போன்ற வண்டிகளில் வரும் டார்க் கன்வெர்ட்டர் வகையை, நடுவில் எண்ணெய் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றது சுற்றத் தொடங்கும் இல்லையா, ஏறத்தாழ அதே வேலையை அங்கே எண்ணெய் செய்கிறது. அதனால் அந்தப் பிடிப்பு ஒருபோதும் அறுவதில்லை. ஆனால் மெதுவாகப் போகும்போது ஒருபோதும் முழுதாக இறுகுவதும் இல்லை. ஆஃப்ரோடில், அதாவது சாலை இல்லாத இடத்தில், ஆட்டோமேட்டிக்கின் நல்லதும் கெட்டதும் எல்லாம் இந்த ஓர் இடத்திலிருந்துதான் வருகின்றன.

மணலில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் பழைய நம்பிக்கையை உடைத்தது மணல்தான். மலை ஜீப் ஓட்டியவனுக்கு ஒரு கர்வம் இருக்கும். துபாயிலிருந்து ஹத்தா போகும் சாலையில் அல் பதாயர் பக்கம் ஒரு பெரிய சிவப்பு மணல்மேடு உண்டு. எல்லோரும் பிக் ரெட் என்பார்கள். அடிவாரத்தில் நின்று பார்த்தால் சும்மா ஒரு மேடு போலத்தான் தெரியும். ஏற ஆரம்பித்தால்தான் மணல் டயரை எவ்வளவு பலமாகப் பின்னால் இழுக்கிறது என்று புரியும். தார்ச்சாலையில் கியர் மாற்ற கிளட்சை மிதித்தால் வண்டி அதுபாட்டுக்கு உருண்டு போகும். மணலில் கிளட்சை மிதித்தால் பிரேக் அடித்த மாதிரி வேகம் விழும். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போட அரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த அரை நொடிக்குள் மூன்றாம் கியருக்கு வேண்டிய வேகமே கையில் இருக்காது. மறுபடி இரண்டுக்கு வந்தால் அதற்குள் வண்டி நின்றிருக்கும். மேட்டின் நடுவில் நின்ற வண்டி அங்கிருந்து மேலே கிளம்பாது, பின்னால்தான் இறங்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் இந்தத் தொல்லை இல்லை. கியர் மாறும்போதும் இழுவை முழுதாக விடுபடுவதில்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதிலும் அதே கதை. மணலில் மேனுவலைக் கிளப்ப பாதிக் கிளட்சில் பிடித்துப் பிடித்து எடுக்க வேண்டும். சட்டென்று விட்டால் சக்கரம் சுழன்று குழி தோண்டிக்கொள்ளும், மெதுவாக விட்டால் கிளட்ச் கருகும். ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஆக்ஸிலரேட்டரை இறகு வருடுகிற அளவுக்கு மிதித்தால் வண்டி தானே நகரத் தொடங்கும்.

இதற்கு விலக்காக எங்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். திசையன்விளைப் பக்கத்து அண்ணாச்சி. அவரிடம் இருந்தது பழைய நிஸான் பட்ரோல், மேனுவல். கூட்டத்திலேயே நன்றாக ஓட்டுகிறவர் அவர்தான். எப்படி அண்ணாச்சி என்று கேட்டால், "ஏறும்போது யோசிக்கப்படாதுடே. கீழ நிக்கும்போதே யோசிச்சிரணும்" என்பார். அடிவாரத்திலேயே இரண்டாம் கியரா மூன்றாம் கியரா என்று முடிவு செய்வார், நல்ல ஓட்டம் எடுப்பார், உச்சி வரை கியரைத் தொடவே மாட்டார். எஞ்சின் கத்தும், கத்தட்டும் என்று விட்டுவிடுவார். மேனுவல் வண்டியோடு மணலுக்குப் போகிறவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும்: மேட்டில் கியர் மாற்றக் கூடாது.

ஆட்டோமேட்டிக்காரர்களும் இதிலிருந்து தப்பவில்லை. டிரைவில் போட்டுவிட்டு ஏறினால், பாதி மேட்டில் நீங்கள் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தியதும், வண்டி ஏதோ ஹைவேயில் போகிறோம் என்று எண்ணி மேல் கியருக்குத் தாவும். இழுவை குறைந்ததும் மறுபடி கீழ் கியருக்கு வரும். இந்தத் தடுமாற்றத்திலேயே ஓட்டம் செத்துவிடும். ஆட்டோமேட்டிக்கிலேயே கியரை நாம் தேர்ந்தெடுக்க விடும் மேனுவல் மோடுக்கு மாற்றி கியரைப் பூட்டிவிட்டு ஏறுங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழல்வதைக் கண்டதும் அது எஞ்சினின் சக்தியைக் குறைக்கும், மணலிலோ சக்கரம் கொஞ்சம் சுழன்றே ஆக வேண்டும். நிறுத்துவதென்றால் பிரேக் அடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள். பிரேக் அடித்தால் முன்சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, கிளம்பும்போது அதுவே தடை ஆகும். முடிந்தவரை மூக்கு இறக்கத்தைப் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் டயர் காற்று. சாலையில் 35 வைத்திருந்தால் மணலில் 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் இன்னும் ஒன்றிரண்டு குறைக்கலாம். 10க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. காற்று இறக்காத ஆட்டோமேட்டிக்கை, காற்று இறக்கிய மேனுவல் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எந்த கியர்பாக்ஸ் என்ற விவாதமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, இனி மலை.

கொழுக்குமலை தெரிந்திருக்கும். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில். ஜீப் போவது மட்டும் கேரளத்து சூரியநெல்லியிலிருந்து. சூரியோதயம் பார்க்க வருகிறவர்களை விடியும் முன்பே ஏற்றிக்கொண்டு போவார்கள். அதைப் பாதை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும், உருண்டைக் கற்களும் பள்ளமுமாகக் கிடக்கும். அங்கே ஜீப் ஏறுவதை எல்லோரும் வீடியோ எடுப்பார்கள். பார்க்க வேண்டியது இறங்குவதை. முதல் கியரில் போட்டு, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றிலும் கால் படாமல் இறக்குவார்கள். எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். எனக்குப் பழக்கிய ஓட்டுநர், நான் அண்ணே என்று கூப்பிடுகிறவர், இறக்கத்தில் என் கால் பிரேக்கைத் தேடுவதைக் கண்டதும், "காலைத் தூக்குடா தம்பி, எஞ்சின் பாத்துக்கும்" என்பார். சரளைக் கல் சரிவில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கத் தொடங்கும், ஸ்டியரிங் திருப்பினாலும் கேட்காது. எஞ்சின் பிடிக்கும்போது சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், திருப்பின பக்கம் வண்டி வரும்.

இதைக் கணக்கிலும் பார்க்கலாம். முதல் கியரின் விகிதம், ஃபோர் லோவின் (நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக விசையோடு இழுக்கும் நிலை) விகிதம், ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) விகிதம் மூன்றையும் பெருக்கினால், எஞ்சின் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்ற எண் கிடைக்கும். மாருதி ஜிம்னி மேனுவலில் 4.425, 2.002, 4.09, பெருக்கினால் சுமார் 36. அதே ஜிம்னியின் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில் 2.875, 2.002, 4.3, சுமார் 25. மேனுவலில் ஆக்ஸிலரேட்டரே தொடாமல் விட்டால், ஒரு மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக, மணிக்கு 3 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து இறங்கும். ஆட்டோமேட்டிக்கில் எண்ணும் குறைவு, நடுவில் எண்ணெய் வழுக்குவதும் சேர்ந்துகொள்ளும். எனவே வண்டி மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும், நீங்கள் பிரேக்கைத் தொட்டே ஆக வேண்டும்.

அப்படியானால் அதே 25ஐ வைத்துக்கொண்டு ஆட்டோமேட்டிக் எப்படி நன்றாக ஏறுகிறது? ஏறும்போது டார்க் கன்வெர்ட்டர் எஞ்சின் தரும் திருகுவிசையைப் பெருக்கித் தரும், கிளம்புகிற நேரத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரைக்கும். இறங்கும்போது இந்தப் பெருக்கல் நடக்காது. தலைப்பில் நான் வைத்த வாக்கியத்துக்குக் காரணம் இதுதான். எட்டு கியர் உள்ள புது ஆட்டோமேட்டிக்குகளில் இந்த இடைவெளி சுருங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மாடல் ஜீப் ராங்ளர் ரூபிகானில் மேனுவலுக்கு 84, ஆட்டோமேட்டிக்குக்கு 77. ஆனால் அந்த வண்டியின் விலைக்கு போடியில் வீடு கட்டிவிடலாம்.

ஆட்டோமேட்டிக் தாரில் நான் இறங்கும் விதம்: சரிவு தொடங்குவதற்கு முன்பே, சமதளத்திலேயே நிறுத்தி ஃபோர் லோ போட்டு, மேனுவல் மோடில் முதல் கியரைப் பூட்டிவிடுவேன். பாதி இறங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. அப்புறம் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், கொஞ்சம் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்துவேன். தொடர்ந்து தேய்த்தால் பிரேக் சூடேறி, மிதி பஞ்சு மாதிரி அமுங்க ஆரம்பித்துவிடும். ஹில் டிசென்ட் கன்ட்ரோல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. ஆனால் அது உங்களுக்குப் பதிலாக பிரேக்கை விட்டு விட்டு அழுத்தித் தருகிற ஏற்பாடுதான். குட்டையான சரிவுக்குப் பரவாயில்லை. நீண்ட இறக்கத்தில் அதை மட்டும் நம்பி வந்தால் பிரேக் சூடாவது சூடாவதுதான். எந்தக் காரணத்துக்காகவும் இறக்கத்தில் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். மேனுவல்காரர்களுக்கு இதே விதி, இறக்கத்தில் கிளட்சை மிதிக்காதீர்கள் என்று மாறும். மிதித்தால் அண்ணே சொன்ன அந்த எஞ்சின் உங்களோடு இல்லை.

ஏற்றத்தில் தோற்றுப்போவது என்று ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் நடக்கும், அதற்கு ஒரு முறை உண்டு. மேனுவலில் மேட்டின் நடுவே எஞ்சின் அணைந்துவிட்டால் கை அனிச்சையாக சாவிக்கும் கால் கிளட்சுக்கும் போகும். கிளட்சை மிதித்த மறு நொடி வண்டி பின்னால் உருளத் தொடங்கும். எஞ்சின் அணைந்திருப்பதால் பிரேக்கை எளிதாக அழுத்த எஞ்சின் தரும் வேக்யூம் உதவியும் ஓரிரு மிதிக்கு மேல் வராது. சரியான வழி: கியரில் அப்படியே நிற்கட்டும், கால் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் முழுதாகப் போடுங்கள், பிறகு கிளட்ச் மிதித்து ரிவர்ஸ் போட்டு கிளட்சை முழுதாக விடுங்கள். இப்போது வண்டியை எஞ்சின் பிடித்திருக்கிறது. பழைய ஜீப்பில் அந்த நிலையிலேயே, கிளட்ச் மிதிக்காமல் சாவியைத் திருப்பி, பிரேக்குகளை மெல்ல விட்டால், ஸ்டார்ட்டரின் சுற்றிலேயே எஞ்சின் எழுந்து ரிவர்ஸில் ஊர்ந்து இறங்கும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அப்படிப்பட்ட வண்டியில் கால் பிரேக்கை விடாமல் அழுத்தி, ஹேண்ட் பிரேக்கும் இழுத்திருக்க ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸில் கிளட்ச் பிடித்த பிறகே பிரேக்கை விட வேண்டும். உங்கள் வண்டி எந்த வகை என்று வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. எஞ்சின் அணைவது அபூர்வம். பிரேக் மிதித்து, ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கினால் முடிந்தது. இரண்டு வண்டிக்கும் பொது: மேட்டின் நடுவில் வண்டியைக் குறுக்கே திருப்பி இறங்கப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் உருண்டால் நிறுத்த எந்தக் கருவியும் கிடையாது.

பாறைக் கற்கள் மேல் ஏறுவதில் ஆட்டோமேட்டிக் எவ்வளவு சுகம் என்று சொன்னால் எங்கள் ஊர் ஜீப்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. ஒரு கல்லின் மேல் முன்சக்கரம் ஏறி நிற்கிறது, ஒரு சாண் மட்டும் நகர்ந்து அந்தப் பக்கம் மெதுவாக இறங்க வேண்டும். மேனுவலில் அதற்கு மூன்று கால் தேவை. ஆட்டோமேட்டிக்கில் இடது காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு வலது காலால் ஆக்ஸிலரேட்டரை லேசாக ஏற்றினால், வண்டி முக்கி எழும். உச்சியைத் தாண்டும் நேரத்தில் பிரேக்கை ஒரு துளி அழுத்தினால், அடி தட்டாமல் கீழே வைக்கும். சாலையில் இடது கால் பிரேக் ஆபத்தான பழக்கம், அங்கே வேண்டாம். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து அழுந்தினால் எஞ்சின் சக்தியை வெட்டிவிடும் ஏற்பாடு சில வண்டிகளில் இருக்கிறது. அதையும் சமதளத்தில் முன்பே தெரிந்துகொள்ளலாம். டீசல் மேனுவல் வைத்திருப்பவர்கள் இதே கல்லை ஃபோர் லோ முதல் கியரில், ஆக்ஸிலரேட்டர் தொடாமல் ஐட்லிங்கிலேயே கடந்துவிடலாம். பெட்ரோல் மேனுவல்தான் இந்த இடத்தில் பாவம்.

பலரும் கவனிக்காத ஒன்று. ஃபோர் ஹையிலிருந்து (நான்கு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுக்கும் நிலை) ஃபோர் லோவுக்குத் தனி லீவரால் மாற்றும் வண்டிகளில், அந்த லீவர் நடுவில் நியூட்ரல் வழியாகப் போகும். லீவர் அங்கே நின்றுவிட்டால், ஆட்டோமேட்டிக்கை பார்க்கில் போட்டிருந்தாலும் சரி, மேனுவலை முதல் கியரில் விட்டிருந்தாலும் சரி, சக்கரத்தை எதுவும் பிடித்திருக்காது. சரிவில் நின்று இந்த லீவரை மாற்றும்போது கால் பிரேக்கில் இருந்தே ஆக வேண்டும், இறங்குவதற்கு முன் ஹேண்ட் பிரேக். பார்க்கில் போட்டிருக்கிறேன், நிற்கும் என்று நம்பிக் கதவைத் திறக்காதீர்கள்.

தண்ணீரும் சேறும் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓடையைக் கடக்கும்போது மேனுவலில் நடுவில் கிளட்ச் மிதித்தால், தட்டுகளுக்கு நடுவே தண்ணீரும் சேறும் புக வழி கிடைக்கும். அதனால் கரையிலேயே கியரை முடிவு செய்து, ஒரே சீராகக் கடக்க வேண்டும். தார் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை போகும் என்று நிறுவனம் சொல்கிறது. அது நிற்கிற தண்ணீருக்கான கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். கடந்து வந்த சில நாளில் கியர்பாக்ஸ், ஆக்ஸில் எண்ணெயைப் பார்த்துவிடுங்கள். பால் கலந்த மாதிரி நிறம் மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அதைத் தள்ளிப்போடவே முடியாது.

சூடு விஷயத்துக்கு வருகிறேன். மேனுவல் கெட்டுப்போவதற்கு முன் சொல்லிவிடும், கிளட்ச் கருகும் நாற்றம் வண்டிக்குள்ளேயே வரும். நிறுத்தி, ஆறவிட்டு, வேறு வழி பார்க்கலாம். அப்படியே போய்விட்டாலும் போடியில் எந்தப் பட்டறையிலும் கிளட்ச் பிளேட் மாற்றிவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் அமைதியாகச் சூடாகும். மணலிலோ சேற்றிலோ நீண்ட நேரம் உழன்றால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகும், டேஷ்போர்டில் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்ததும் எஞ்சினை அணைக்காதீர்கள். காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பி நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சின் ஓடட்டும். எண்ணெயைச் சுற்ற வைக்கும் பம்பை ஓட்டுவது எஞ்சின்தான், அணைத்தால் சூடான எண்ணெய் அங்கேயே தேங்கிவிடும். பாலைவனத்தில் இதைத் தெரியாமல் சாவியைத் திருகியவர்களுக்கு அண்ணாச்சியிடம் கிடைத்த அர்ச்சனை இங்கே எழுதத் தக்கதல்ல.

இதோடு சேர்ந்த இன்னொரு தலைவலி. ஊருக்கு வந்த பிறகு ஒரு சர்வீஸ் சென்டரில் ஆட்டோமேட்டிக் எண்ணெயை மாற்றச் சொன்னேன். "அது வண்டி ஆயுசுக்கும் போதும் சார், தொடவே வேண்டாம்" என்றார்கள். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து, கடினமான பயன்பாட்டுக்கு என்று தனியாக அச்சிட்டிருக்கும் அட்டவணையைக் காட்டிய பிறகும் அரை மனதோடுதான் மாற்றினார்கள். பழைய எண்ணெய் வெளியே வந்தபோது அதன் நிறத்தைப் பார்த்து அவர்களே ஒன்றும் பேசவில்லை. தூசி, மலை, சுமை என்று ஓட்டுகிறவர்கள் ஷோரூம் பேச்சை நம்பாமல் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

காட்டுக்குள் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாத அளவுக்கு பேட்டரி இறங்கிப்போனால்? இங்கே மேனுவல் எந்தப் போட்டியும் இல்லாமல் ஜெயிக்கும். இரண்டு பேர் தள்ளினால் போதும், ஆளே இல்லையென்றால் சரிவு போதும், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் கிளம்பிவிடும். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிக் கிளப்ப முடியாது. கட்டி இழுப்பதிலும் அதே சங்கடம்: எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் தரையில் உருண்டால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் போகாது, நீண்ட தூரம் இழுத்தால் உள்ளே தேய்ந்துவிடும். அதனால் என் வண்டியில் ஜம்பர் கேபிளும் ஒரு சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரும் எப்போதும் இருக்கும். கயிறு கட்டி இழுப்பது பற்றிக் கையேட்டில் உள்ள பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், காட்டில் நெட் கிடைக்காது.

இவ்வளவு தெரிந்தும் நான் ஏன் ஆட்டோமேட்டிக் வாங்கினேன்? வாரத்தில் பெரும்பாலான நாள் என் வண்டி ஓடுவது தேனி, போடி, மதுரைச் சாலைகளில்தான். நீங்களும் வாரக் கடைசிக்கு மட்டும் மலை ஏறுகிறவராக இருந்தால், மணல், பாறை, வீட்டில் மற்றவர்களும் ஓட்டுவது என்று யோசித்தால், ஆட்டோமேட்டிக் எடுங்கள்; இறக்கத்தை மட்டும் மதித்து ஓட்டுங்கள். பெட்ரோல் தாரில் ஆட்டோமேட்டிக்குக்கு 320 நியூட்டன் மீட்டர், மேனுவலுக்கு 300 என்று திருகுவிசையிலும் கொஞ்சம் கூடுதல் கிடைக்கிறது. தினமும் தோட்டத்துக்கு ஏறி இறங்க வேண்டும், சுமை ஏற்ற வேண்டும், பக்கத்து ஊர் மெக்கானிக்கே பார்க்க வேண்டும் என்றால் யோசிக்காமல் டீசல் மேனுவல். எங்கள் ஊர் ஏலக்காய் ஜீப்காரர்களிடம் ஆட்டோமேட்டிக்கை விற்க நான் முயலவே மாட்டேன், அவர்கள் பிழைப்பே இறக்கத்தில் இருக்கிறது.

எந்த வண்டியாக இருந்தாலும் வனத்துறை அனுமதி இல்லாத பாதையில் நுழையாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்குச் சும்மா கிடக்கிற மண் பாதை போலத் தெரிவது, பல இடங்களில் காப்புக் காடு.

கடைசியாக, வாங்கும் முன் ஓட்டிப் பார்ப்பது பற்றி. செயற்கை மேடு போட்டு வைத்து ஏற்றிக் காட்டுகிற நிகழ்ச்சிகளை நிறுவனங்கள் நடத்துவதுண்டு. பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் ஏற்றுவதைப் பாருங்கள், ரசியுங்கள். உச்சிக்குப் போனதும் இறக்குவதை மட்டும் நீங்கள் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். ஃபோர் லோ, முதல் கியர், ஹில் டிசென்ட் அணைத்து, காலை பிரேக்கின் மேல் தொடாமல் வைத்துக்கொண்டு மெல்ல விட்டுப் பாருங்கள். எத்தனையாவது அடியில் உங்கள் கால் தானாக பிரேக்கை அழுத்துகிறது என்று கவனித்தால், உங்களுக்கு எது வேண்டும் என்று விற்பனைப் பையன் சொல்லாமலே தெரிந்துவிடும்.